சகலையை மட்டும் அனுப்பாதே, முருகா

என் மனைவி கமலாவால் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது. என்னால் பொறாமை இல்லாமல் மூச்சுவிட முடியாது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் வைத்து முருகன் காப்பாற்றினான். நம் கோயில் வெள்ளிக்கிழமை பூசையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும், நான் வாய் மூடாத ஆள். படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது. ஒரு வார்த்தை பொய் இல்லை.

கமலாவின் நுரையீரல் கெட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. மூக்கில் குழாய், பக்கத்தில் கரண்டில் ஓடும் மெஷின். மேருவில் எங்கள் வீட்டு ஹாலும் அறையும்தான் அவள் உலகம். வெளியே போவதென்றால் ஒரு சின்ன சிலிண்டர். அது ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குத்தான் பத்தும்.

தைப்பூசம் முடிந்த மறுமாதம் எங்கள் மகளுக்கு வளைகாப்பு. பிரிக்பீல்ட்ஸில் மண்டபம். சிலிண்டர் அவ்வளவு தூரம் தாங்காது. "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வீடியோ கால் போடுங்க, போதும்" என்றாள் கமலா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்த இடத்தில் என் சகலை குணா வருகிறான். கமலாவின் தங்கை சாந்தியைக் கட்டியவன். பூச்சோங்கில் வீடு. மீன் பிடிக்கிற பைத்தியம். அதற்காகத் தன் வேனில் சீட்டுக்கடியில் தனியாக இரண்டு பேட்டரி வைத்திருக்கிறான். என்ஜினை நிறுத்தினாலும் ஃபேன் ஓடும், ஐஸ் பெட்டி ஓடும், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும். எந்த விசேஷத்துக்கு வந்தாலும் பின்கதவைத் திறந்து வைத்துவிடுவான். சொந்தக்காரர்கள் சந்நிதிக்கு வந்த மாதிரி வரிசையில் நிற்பார்கள். "சுடச்சுட தே ஓ குடிக்கிறீங்களா அண்ணே?" என்பான். அந்தப் பாலில்லாத டீயைக் குடிப்பேன். வயிறு எரியும். தே ஓ-வால் அல்ல.

அவன்தான் போன் பண்ணினான். "அண்ணே, என் வேன்ல அக்காவோட மெஷின் ஓடும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்லா."

புத்தியுள்ளவன் நன்றி சொல்லியிருப்பான். நான், "வேணாம்பா. நானும் பேட்டரி போடப் போறேன்" என்றேன். சொல்லி முடிக்கும்வரை எனக்கே அது தெரியாது.

அடுத்த முறை பூச்சோங் போனபோது, குணா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவன் வேனில் குப்புறப் படுத்து சீட்டுக்கடியில் போனை நீட்டி வளைத்து வளைத்துப் படம் எடுத்தேன். பின்னால் சாந்தியின் குரல். "அத்தான், என்ன தேடுறீங்க?"

"மூக்குக்கண்ணாடி."

"அது உங்க மூக்குலதான் இருக்கு."

மேருவில் ஒரு பேட்டரி கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டி, இதே மாதிரி இரண்டு பேட்டரி, இதே மாதிரி இன்வெர்ட்டர் என்றேன். கடைக்காரர், "பாஸ், முன்னாலேர்ந்து வயர் இழுக்க..." என்று ஆரம்பித்தார். "படத்துல இருக்கிறது மட்டும் போதும்" என்று வெட்டிவிட்டேன். சகலை வண்டியில் இல்லாதது எனக்கெதற்கு?

என் வேனில் நானே பொருத்தினேன். மெஷினைச் சொருகினேன். ஓடியது! முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வரிசை வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, வேனிலேயே தண்ணீர் கொதிக்கவைத்துத் தினமும் தே ஓ ஊற்றினேன். குடித்துவிட்டு வந்தவர்களையும் விடவில்லை. கமலா ஜன்னலில் இருந்து கேட்டாள், "என்னங்க, அந்த பேட்டரி எனக்கா, ஊருக்கா?"

வளைகாப்பு அன்று பச்சைப் பட்டு கட்டி வந்து ஏறினாள். மெஷின் உறுமியது. ஃபெடரல் ஹைவேயில் ஜாம். வண்டி நகரவில்லை. இன்வெர்ட்டர் கீச் கீச் என்றது. அப்புறம் மெஷினும் கத்தியது. அப்புறம் இரண்டும் நின்றன. அந்த அமைதி இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் வேண்டமாட்டேன்.

கமலா பதறாமல் சிலிண்டரை மாட்டிக்கொண்டாள். முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மிச்சம் அவ்வளவுதான்.

வண்டியை ஓரம் கட்டினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வருகிறோம், ஆனால் ரோடு ஜாம் என்றார்கள். என்ஜினை முறுக்கினேன். பேட்டரிக்கு உயிர் வரவில்லை. எல்லாக் கதவையும் திறந்தேன், எல்லாக் கதவையும் மூடினேன். பழைய டிவியை அடிப்பது போல பேட்டரியைத் தட்டினேன்.

"என்னங்க, மூச்சு எனக்கு வாங்குதா, உங்களுக்கு வாங்குதா? இந்தக் குழாய நீங்க கொஞ்ச நேரம் வச்சுக்கிறீங்களா?" என்றாள் கமலா. கேலிதான். ஆனால் அவள் உதடு நீலம் பூத்துக்கொண்டு வந்தது.

கையில் போன். குணாவின் பெயர் மேலேயே இருந்தது. விரல் அதைத் தாண்டித் தாண்டிப் போனது. ரோட்டோர இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். "முருகா, யாரையாவது அனுப்பு. போலீஸ், லோரிக்காரன், யாரானாலும் சரி. சகலையை மட்டும் அனுப்பாதே."

ஆமாம், அப்படித்தான் வேண்டினேன். அந்த நேரத்திலும்.

திரும்பி அவள் உதட்டைப் பார்த்தேன். எனக்குள்ளே ஏதோ உடைந்தது. "சரி முருகா. அவனையே அனுப்பு. அவன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்" என்று அழுதுகொண்டே அவன் பெயரை அழுத்தினேன்.

அவன் எடுக்கவில்லை. ஏனென்றால் அவன் என் பின்னால் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

கிள்ளானில் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு அதே ஜாமில் வந்திருக்கிறான். பூச்சோங்காரனுக்கு அன்றைக்கு அந்த ரோட்டில் வேறு வேலையே இல்லை. தற்செயல் என்பவர்கள் என்னோடு வாதாட வேண்டாம். அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

இரண்டு பேரும் மெஷினைத் தூக்கி அவன் வேனில் வைத்துச் சொருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கமலா முகத்தில் நிறம் திரும்பியது. வந்த ஆம்புலன்ஸ்காரர்களும் பரிசோதித்து, இனி பயமில்லை, போகலாம் என்றார்கள்.

குணா என் போனட்டைத் திறந்து பார்த்தான். "அண்ணே, என்ஜின்லேர்ந்து புது பேட்டரிக்கு வயரே இல்லையே. சார்ஜ் எப்படி ஏறும்?"

"உன் வண்டியிலயும் இல்லையே!"

"இருக்கே. முன்னால இருக்கு. நீங்க சீட்டுக்கடியில மட்டும்தானே படம் எடுத்தீங்க? சாந்தி சொன்னா. என்னைக் கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஊருக்கு ஊற்றிய தே ஓ எல்லாம் கமலாவின் மூச்சு என்று அப்போதுதான் உறைத்தது.

மீதி வழி முழுக்க என் வேன் காலி. முன்னால் அவன் வேனின் பின்கண்ணாடியில் கமலா தெரிந்தாள். ஃபேன் காற்றில் முடி பறக்க, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டி, அவன் ஃபேன். நன்றியும் பொறாமையுமாக அவன் வண்டியை ஒட்டியே ஓட்டினேன்.

மண்டபத்தில் மகள் கைக்குக் கமலா முதல் வளையல் போட்டாள். அதைப் பார்த்துவிட்டேன், எனக்கு அது போதும். சொந்தக்காரர் ஒருவர், "ஏன், அவர் புது பேட்டரி போட்டாரே, அந்த வேன்ல வரலையா?" என்று இழுத்தார். குணா சட்டென்று, "வளையல் உடையாம மடியில வச்சுக்க ஆள் வேணும்னு நான்தான் அக்காவ கூப்பிட்டேன்" என்றான்.

அடப்பாவி. நல்ல மனசும் அவனிடமே கூடுதலாக ஒன்று இருக்கிறதே! அதற்கும் பொறாமை வந்தது. பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, குப்புறப் படுத்ததிலிருந்து பேட்டரியைத் தட்டியதுவரை நடித்தே காட்டினேன். மண்டபம் சிரித்தது. கமலாதான் அதிகம் சிரித்தாள்.

குணா வீட்டுக்கு வந்து வயர் இழுத்துக் கொடுத்தான். சிலிண்டர் இப்போது எப்போதும் நிறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கமலாவும் கோயிலுக்கு வருகிறாள். மெஷின் சத்தம் பூசையில் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். எனக்கு அது மணிச் சத்தம்.

நீங்களும் முருகனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள், தருவான். யார் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

போன வாரம் குணா தன் வேன் கூரையில் சோலார் பலகை போட்டுக்கொண்டு வந்து நின்றான். பார்த்தேன். வயிறு எரிந்தது. இந்த முறை எங்கேயும் குப்புறப் படுக்கவில்லை. "சகலை, எனக்கும் இத போட்டுக் கொடுப்பா" என்று வாயைத் திறந்து கேட்டேன்.

கமலா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "முருகா, ஹைவேயில நீ செஞ்சத விட இதுதான் பெரிசு."