சதுரங்கப்பட்டினத்தில் செம்புக்குப் போட்ட கணக்கு

2006 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சதுரங்கப்பட்டினம் போனேன். நான் செங்கல்பட்டில் வயரிங் வரைபடம் போடுகிறவன். என்னோடு ஐ.டி.ஐ. படித்த ஏழுமலை அங்கே வயர்மேன். அவன் தங்கை அஞ்சலை, இறால் வாங்கி விற்கிறவள். அவளுடைய ஐஸ்பெட்டி மோட்டார் எரிந்துபோனது. அண்ணன் போட்ட லைன்தான் காரணம் என்று மூன்று மாதமாக அவனோடு பேச்சில்லை. இப்போது புது மோட்டார் மாட்டியிருந்தார்கள். இதுவும் எரிந்தால் அவள் வியாபாரம் அத்தோடு முடிந்தது. "நீ வந்து பாரு மச்சான், அப்பால ஸ்விட்ச் போடறேன்" என்று போனில் கெஞ்சினான்.

காலை 6.20 பஸ், ஒன்பது ரூபாய். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரே பனி. ஏரி எது, வயல் எது என்று தெரியவில்லை. நான் வேறு பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண்டக்டர் திட்டித்தான் இறக்கிவிட்டார். மணி 7.30.

கரண்ட் மீட்டர் பெட்டியிலிருந்து ஐஸ்பெட்டி 150 மீட்டர் தூரம், சவுக்குத் தோப்புக்குள். கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காதில் விழுவது சவுக்கா அலையா என்று பிரிக்க முடியவில்லை. அடடா, இப்படியே நடந்துகொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. கடைசி ஜாயின்ட்டில் கம்பி வெள்ளையாக மின்னியது. அலுமினியம்!

எனக்குத் திக்கென்றது. ஏழுமலை இந்த லைனை இழுக்கும் முன் போனில் கேட்டபோது, நீளத்தை மட்டும் விசாரித்து, 4 சதுர மில்லிமீட்டர் போதும் என்று சொன்னவனே நான்தான். அதற்கு நான் போட்ட மின்தடை எண் 0.0172, செம்புக்கு உரியது. அலுமினியத்துக்கு 0.028. எட்டு ஆம்பியருக்குப் பத்து வோல்ட் குறையும் என்று நினைத்தேன், பதினேழு குறைந்திருக்கிறது. மோட்டார் கிளம்பும்போது இன்னும் பல மடங்கு. வோல்ட் அவ்வளவு குறைந்தால் மோட்டார் திணறிச் சூடேறி எரிந்துவிடும்.

"செம்பு போட்டா உப்புக்காத்துல பச்ச புடிச்சிடும், இல்லாங்காட்டி எவனாச்சும் அறுத்துகினு பூடுவான். இங்க யாரு போடறா?" என்றான் ஏழுமலை. அது எனக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கிறான். கம்பி என்றாலே செம்பு என்று நான்.

வெட்கமாக இருந்தது. அஞ்சலையிடம் போய், "தப்பு என்னுதும்மா, உங்க அண்ணன் நான் சொன்னதத்தான் போட்டான்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறால் கூடையை இழுத்துப் போட்டாள்.

கல்பாக்கம் போய்ப் பத்து சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி வாங்கி வந்து இழுத்தோம். 3.40க்கு ஸ்விட்ச். மோட்டார் ஒரே மூச்சில் கிளம்பியது. பெட்டிமேல் கைவைத்து அதன் சத்தத்தை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் அஞ்சலை. பிறகு அண்ணனைப் பார்க்காமலே, "காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ. வா, வூட்ல கொழம்பு கீது" என்றாள். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

போகிறவர்கள் காலைப் பஸ்ஸிலேயே போங்கள், அந்தப் பனிக்காகவே போகலாம். கம்பிக்கு யாராவது கணக்குக் கேட்டால், என்ன உலோகம் என்று முதலில் கேளுங்கள். கையோடு சாப்பாடு கட்டிக்கொள்வதும் நல்லது, மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் டீயும் பிஸ்கட்டும்தான் கிடைக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அஞ்சலை என்னைக் கூப்பிடவில்லை.