பத்தொன்பதாம் நாள் வெட்டிய துண்டு

ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒட்டாத அக்கா' என்பார்கள். வாசலில் நிற்கும் காவலாளி முதல் பேராசிரியர் வரை எல்லாரோடும் வாயாடுகிறவளுக்கு இப்படியொரு பட்டம் வந்தது வேலையால்தான். உடம்புக்குள் வைக்கும் மெல்லிய சிலிகோன் குழாய்களில் தண்ணீரோ ரத்தமோ ஒட்டாதபடி மேற்பூச்சு போடுவது அவள் வேலை. படிப்பு டிப்ளமாவோடு நின்றுவிட்டது. ஆனால் கைவேலை சுத்தம். பதினேழு வருடமாகப் பேராசிரியரின் யோசனை எதுவானாலும் குழாயில் பூசிக் காட்டியது அவள்தான்.

அவளுடைய தம்பி பெயின்டர். முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. அக்கா தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தாள். அவளுக்கிருந்த சர்க்கரை நோய் குறுக்கே நின்றது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கான ஊசி குத்த வழிசெய்யக் கையில் செய்த அறுவை இரண்டு முறையும் தோற்றுப்போக, வலது கழுத்தில் குழாய் வைத்தார்கள். உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. இடது கழுத்துக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் அதுவும் போயிற்று. கடைசியாகத் தொடை.

"இதுவும் அடைச்சா வேற இடம் தேடுறது ரொம்பக் கஷ்டம்மா" என்று நர்ஸ் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் புதிய பூச்சு ஒன்று கைகூடி வந்தது. குழாயின் உட்புறத்தில் ஓர் அடிப்பூச்சு. அது பிடித்துவைத்துக்கொள்ளும் மெல்லிய எண்ணெய்ப் படலம். பூசிய தகடொன்றை டப்பாவில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போனாள். பரிசோதனைக்காக நர்ஸ் தம்பியின் விரலில் குத்தியபோது, ஒரு சொட்டைத் தகட்டில் விடச் சொன்னாள். லேசாகச் சாய்த்ததும் சொட்டு உருண்டு விழுந்தது. தகட்டில் ஒரு தடம்கூட இல்லை.

தம்பி வாயைப் பிளந்தான். பிறகு பல மாதங்களுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தான்.

"நான் சுவத்துல ஒட்ட வைக்கத் தலைகீழா நிக்குறேன். நீ என்னடான்னா ஒட்டாம இருக்கச் சம்பளம் வாங்குற!"

"வாயைக் குறைடா."

"இதையே என் தொடைக்குள்ள வெக்கச் சொல்லுக்கா."

அவள் பேராசிரியரிடம் கேட்டேவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை நாள் தாங்கும்னே நமக்குத் தெரியாதும்மா. முப்பது நாள் தாங்கினா விலங்குச் சோதனைக்கு எழுதுவேன். அதுக்கப்புறம்தான் மனுஷங்க. வருஷக்கணக்காகும்."

வருஷக்கணக்கு என்ற சொல் காதில் விழாததுபோல, முப்பது நாளை மட்டும் பிடித்துக்கொண்டாள். உடல் சூட்டில் வைத்த உப்புநீரைக் குழாய்களுக்குள் ஓயாமல் ஓடவிட்டாள். தினமும் காலையில் ஒரு துண்டை வெட்டிப் புது ரத்தத்தில் ஊறவைத்து எடுத்துப் பார்ப்பாள். பத்தாம் நாள் சுத்தம். பதினைந்தாம் நாளும் சுத்தம்.

பத்தொன்பதாம் நாள் வெட்டிய துண்டில் சிவப்பு நூல்போல ஏதோ ஒட்டியிருந்தது. கழுவினாள், போகவில்லை. இன்னொரு துண்டு வெட்டிப் பார்த்தாள்; அது சுத்தமாக இருந்தது. முதல் துண்டை வெட்டும்போது கீறல் விழுந்திருக்கலாம். பதிவேட்டில் அப்படி ஒரு வரி எழுதினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இது யாரோ ஒருவருடைய தம்பியின் உடம்புக்குள் போகிற குழாய் என்று நினைத்துக்கொண்டாள். 'உறைவு காணப்பட்டது' என்று எழுதினாள்.

இருபத்துநான்காம் நாள் எல்லாத் துண்டிலும் உறைந்தது. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீரோடு போய்விட்டிருந்தது. ஆய்வை அத்தோடு நிறுத்தினார்கள்.

தம்பியிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"போச்சாக்கா?"

"போச்சுடா."

"முதல் மழைக்கே உரிஞ்ச சுவர் எத்தனை பார்த்திருக்கேன். நீ என்ன பண்ணுவ?" என்று சொல்லி அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். அவன் ஆறுதல் சொன்னதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்த மாதம் தொடைக் குழாயும் அடைத்தது. மருத்துவர்கள் இரண்டு நாள் முயன்றார்கள். ஊசி நுழைய எந்த ரத்தநாளமும் வழிவிடவில்லை. வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்யும் முறை கிருமித் தொற்றால் முன்பே கைவிட்டுப் போயிருந்தது. ஒன்பது நாள் மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தான். பத்தாம் நாள் காலை, அவள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். குளியலறை ஓடுகளில் அழுக்குப் படியாமலிருக்கப் பூச்சு தயாரிக்கும் பிரிவில் போட்டிருந்தார்கள். முதல் ஓட்டைச் சாய்த்ததும் தண்ணீர் தடமில்லாமல் வழிந்தது.

"அக்கா, அருமையா வருதே!" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"ம்" என்றாள். அடுத்த ஓட்டை எடுத்தாள்.