எண்ணெய் மிதந்த உப்புத் தொட்டி

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் மாமா இதைச் சொல்லும்போது பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். நான். என் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர், அவரைத்தான் மாமா என்கிறேன். ஓட்டல் மேனேஜர். தொட்டிக்குக் காவலாக இருந்த அம்மாள். பாய்லருக்கு விறகு தள்ளுகிற ஆள். பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்த ஒரு கன்னடக்காரம்மா. அவ்வளவுதான். நடந்தது எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். மாமாவுக்கு மட்டும் வேறு மாதிரி தெரியும்.

எண்பதுகளின் நடுவில், ஐப்பசி மழையில், பாப்பிரெட்டிப்பட்டியில் அக்கா தன் வீட்டுக் கொல்லையில் வழுக்கி விழுந்தாள். வலது முட்டியில் அடி. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, முட்டி மட்டும் மடங்க மாட்டேன் என்றது. நிற்பாள், காலை இழுத்து இழுத்து நடப்பாள், உட்காரச் சொன்னால் கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாரை வார்க்கிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவள் புருஷன் பக்கத்தில் மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அக்காவால் முடியாதென்றால் மாமாவின் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் உட்காருவார்கள். அந்தத் தம்பி பெண்டாட்டியும் அக்காவும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது. அவள் சேலத்துக்குப் போய், மணையில் உட்காருவதற்கென்றே அரக்குப் பட்டு எடுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"நாற்காலி போட்டு உக்காந்துக்கலாமேக்கா" என்றேன்.

"ஆமாண்டி. மாலையும் போடச் சொல்லு. கல்யாணத்துக்கு வந்த கலெக்டரா நானு?"

டாக்டர், வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுத்துத் தினமும் மெள்ள மடக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார். அண்டாவில் வெந்நீர் வைத்து, கல்லுப்பு அள்ளிப் போட்டு, நானும் போய்ப் போய் ஊற்றினேன். அக்கா பல்லைக் கடித்தாள், முட்டி அசையவில்லை. இந்தச் சமயத்தில்தான் மாமா வந்து நடுக்கூடத்தில் நின்று அறிவித்தார்.

மாமாவுக்குப் புளி வியாபாரம். தருமபுரியில் பெங்களூர் ரோட்டின் மேல் புதிதாக வந்த ஓட்டலுக்கு ஒரு தடவை புளி போட்டிருந்தார். அந்த ஓட்டல் முதலாளி வெளிநாட்டில் இருந்தவராம். பின்பக்கம் ஒரு தொட்டி கட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பாய்லர் வைத்துச் சூடு பண்ணி விட்டிருக்கிறாராம். ஆள் முழுசாக உள்ளே இறங்கி ஊறலாம். வெள்ளிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும். ஒரு ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.

"முட்டிக்குத்தானே மாமா வலி, ஆளு எதுக்குங்க முழுசா ஊறணும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. மேனேஜரு நம்ம ஆளு. நான் சொன்னா அடிச்சிப் புடிச்சி ஓடியாருவாரு."

நான் ஏழாவதோடு நின்றவள். எதிலும் எனக்கு முதலில் தெரிவது அதில் என்ன கோளாறு வரும் என்பதுதான். பஸ்ஸில் போகும்போதே ஆரம்பித்துவிட்டேன். பாய்லர் என்கிறார்களே, கரண்ட்டா? தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால்? அக்கா பாரியான உடம்பு, உள்ளே சறுக்கினால் யார் தூக்குவது? உப்புத் தண்ணீரில் தாலிச் சரட்டின் மஞ்சள் போய்விடுமா? ஈரத்தலையோடு பஸ் ஏறினால் ஜன்னி வராதா? ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கவலப்படறதுக்குக் கவர்மெண்டுல வேல இருந்தா, கண்ணு, நீதான் ஆபீசரு" என்று மாமா சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. கவலைப்பட வேண்டியதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் கவலைப்படுவதே என் பிழைப்பாக இருக்கிறது.

மேனேஜருக்கு மாமாவை அடையாளம் தெரியவில்லை. "எந்தப் புளி?" என்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பின்பக்கம் கையைக் காட்டினார்.

பெண்கள் உள்ளே போகிற வாசலில் மாமா துணிப்பையை நீட்டினார். உள்ளே ஒரு தூக்குப்போசி நிறைய நல்லெண்ணெய், மிளகு போட்டுக் காய்ச்சியது. ஒரு காகிதப் பொட்டலத்தில், எண்ணெய் போகத் தலைக்குத் தேய்க்கிற அரப்பு இலைத் தூள்.

"இது எதுக்குங்க மாமா?"

"வெள்ளிக்கெழம. சுடுதண்ணியில எறங்கப் போறீங்க. எண்ணெ வெக்காம எறங்குனா உப்பு ஒடம்ப அரிச்சிப்புடும். ஒங்கக்காளுக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லா சூடு பறக்கத் தேச்சிவுடு."

சுவரில் ஒரு போர்டு இருந்தது. எழுத்துக் கூட்டி முழுசும் படித்தேன். எச்சில் துப்பாதீர். துணி துவைக்காதீர். தொட்டியில் இறங்குமுன் உடம்பைக் கழுவிக்கொள்ளவும். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமையில் காய்ந்த தலையோடு எந்தப் பெண்பிள்ளை வெந்நீருக்குப் போவாள்? எனக்கும் மாமா சொன்னது சரியாகத்தான் பட்டது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது.

காவல் அம்மாள் கன்னடக்காரம்மாவுக்குத் துண்டு எடுத்து வரப் போயிருந்தாள். துணி மாற்றுகிற அறையில் அக்காவைச் சுவரோரம் நிறுத்தி நான் எண்ணெய் தேய்த்தேன். தலை, கழுத்து, முதுகு, இரண்டு கால். முட்டிக்கு மட்டும் மூன்று கை. போசியில் மீதி இருந்ததை வீணாக்குவானேன் என்று அக்கா என் தலையில் கவிழ்த்தாள்.

தொட்டி தகரக் கொட்டகைக்குக் கீழே இருந்தது. வெள்ளை ஓடு பதித்து, இரும்புக் கைப்பிடி வைத்து, படிக்கட்டு விட்டிருந்தார்கள். ஆவியில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. அந்தக் கோடியில் தலையில் ரப்பர் தொப்பி போட்டுக்கொண்டு கன்னடக்காரம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பழைய சேலையோடு அக்காவைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். எண்ணெய்க் கை, எண்ணெய்க் கால், எண்ணெய்க் கைப்பிடி. எங்கள் குலசாமியைக் கூப்பிடாத படி இல்லை.

இடுப்பளவுத் தண்ணீர். நல்ல சூடு. அக்கா என் தோளை இறுக்கினாள்.

"ஏய். காலு தானாத் தூக்குதுடி."

உண்மைதான். உப்புத் தண்ணீர் அவள் காலை மேலே ஏந்தியது. நான் குனிந்து அடியில் கைகொடுத்து மெள்ள மடக்கினேன். இத்தனை நாளாக அண்டாவுக்கு முன்னால் அசையாமல் இருந்த முட்டி ஒரு சாண் மடங்கியது. அக்கா என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மடக்கினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, வலியாலா என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் என் முகவாய்க்கு நேரே ஒரு மிளகு மிதந்து போனது.

அதன் பின்னாலேயே எண்ணெய். ரசத்தின் மேல் நிற்குமே, அதே மாதிரி வட்டம் வட்டமாக, மஞ்சளாக, கன்னடக்காரம்மா பக்கம் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏனம்மா இது!" என்று அந்தம்மா எழுந்து நின்றார். கையை முகர்ந்து பார்த்தார். "எண்ணெ! எண்ணெ!"

கன்னடத்திலும் அது எண்ணெய்தான். சமாளிக்க வழியில்லை.

"ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "மரம் மாதிரி நிக்கறியே, அந்த அரப்ப எடு. அரப்பு போட்டா எண்ணெ முறிஞ்சிடும்."

"வேணாங்க்கா. தண்ணி கெட்டுடும்."

"கெட்டதுதான் கெட்டாச்சி. எடுடி."

படிக்கட்டில் இருந்த பொட்டலத்தை அவளே எட்டி எடுத்துத் தலையில் கொட்டித் தேய்த்தாள். தலையில் நின்றது கொஞ்சம், தண்ணீரில் விழுந்தது மிச்சம். எண்ணெய் முறியவில்லை. தொட்டி ஏரித் தண்ணீர் மாதிரி பச்சையாகி, நுரை கட்டி, ஓட்டில் வழுவழுவென்று அப்பிக்கொண்டது. கன்னடக்காரம்மா கைப்பிடியைத் தொடாமல் ஏற முயன்று, முடியாமல், கைப்பிடியைத் தொட்டு, கையைப் பார்த்து, மறுபடியும் கத்தினார்.

காவல் அம்மாள் ஓடிவந்தாள். "அடிப்பாவிங்களா! மொதலாளி பாத்தா என்னைத் தொலச்சிடுவாரே! வெளிய வாங்க!"

"வர மாட்டேன்" என்றாள் அக்கா.

நான் அவள் காதோரம், "அக்கா, வந்துரலாங்க்கா, போலீசக் கூப்புட்டுடப் போறாங்க" என்றேன்.

"கூப்புடட்டும். இப்பத்தான் மடங்குது. வெளிய வந்தா மறுபடி கட்டிக்கும். அந்தச் சிறுக்கி பட்டு எடுத்து வெச்சிக்கினு காத்திருக்கா. நான் வர மாட்டேன்."

மேனேஜர் கதவுக்கு வெளியே வந்துவிட்டார். பெண்கள் இருக்கிற இடம், உள்ளே வர முடியாது. கதவைத் தட்டிக்கொண்டே கத்தினார். பக்கத்தில் மாமாவின் குரலும் கேட்டது.

"எண்ணெ வெச்சிக்கிட்டு தொட்டியில எறங்குவாங்களாய்யா?"

"எண்ணெ வெக்காம சுடுதண்ணியில எறங்குவாங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"இது ஊறுற தொட்டிங்க! குளிக்கற தொட்டி இல்ல!"

"அப்ப போர்டுல எழுதி வெக்கணும். துணி தொவைக்காதேன்னு எழுதத் தெரியுது, இத எழுதத் தெரியாதா? என் வூட்டுக்காரி ஒரு துணி தொவச்சாளா, கேளுங்க உள்ள!"

எனக்கு அங்கேயே முழுகிவிடலாம் போல இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் அதற்கும் வழியில்லை.

மேனேஜர் கடைசியில் பாய்லர் ஆளைக் கூப்பிட்டு, வெளிப்பக்கம் இருந்த குழாயைத் திறந்து விடச் சொன்னார். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறினாள். தண்ணீர் இடுப்புக்குக் கீழே வந்தபோது, அதன் கூடவே அவளும் இறங்கினாள். இடது காலை முதலில் மடித்தாள். வலது கால் தண்ணீரின் மேலேயே மிதந்தது. தண்ணீர் இறங்க இறங்க அதைக் கையால் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே போனாள். நான் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். முட்டி முறிந்துவிடும், நிச்சயம் முறிந்துவிடும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தொட்டி காலியானபோது பச்சைச் சேற்றுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சம்மணம் போட்டு. வலது முட்டி கொஞ்சம் தூக்கித்தான் இருந்தது. ஆனாலும் சம்மணம்தான்.

"எப்படி?" என்றாள்.

காவல் அம்மாள் வசவை நிறுத்திவிட்டாள். மேலே நின்ற கன்னடக்காரம்மா எதுவோ கேட்டார். காவல் அம்மாளுக்குக் கன்னடம் வரும் போலிருக்கிறது, "முட்டிக்காலு மடங்காம இருந்துச்சாங்கம்மா, இப்ப மடங்கிடுச்சாம்" என்பதை அவர் பாஷையில் சொன்னாள். அந்தம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் தன் உலர்ந்த துண்டை எடுத்து எங்களுக்கு நீட்டினார். அதை அக்கா திருப்பிக் கொடுக்கவே இல்லை, அது வேறு.

உட்கார்ந்தவளை எழுப்புவதற்குள் நானும் காவல் அம்மாளும் இரண்டு தடவை விழுந்தோம்.

மேனேஜர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான்கு மூட்டை உப்பு நூறு ரூபாய். மறுபடி சூடேற்ற விறகு அறுபது. தொட்டியைத் தேய்த்துக் கழுவக் கூலி முப்பது. கன்னடக்காரம்மாவுக்குத் திருப்பித் தர வேண்டியது பதினைந்து. ஆக இருநூற்று ஐந்து. மாமா சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், கடைசியில் என்னைப் பார்த்தார். கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கு வாங்க நான் சீட்டுப் பணம் கொண்டு வந்திருந்தேன். அது அவருக்குத் தெரியும்.

"குடு கண்ணு. புளி வித்ததும் மொத வேலையா உனக்குத்தான்."

குத்துவிளக்குக்குப் பதில் ஒரு பித்தளைச் செம்பு வாங்கினேன். ஈரத்தலையோடு பஸ் ஏறினோம். ஜன்னி வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா அண்டாத் தண்ணீரிலேயே முட்டியை மடக்கப் பழகினாள். மடங்கும் என்று தெரிந்துவிட்டதால் வலியைப் பொறுத்துக்கொண்டாள். தையில், முகூர்த்த நேரத்தில், மாமா பக்கத்தில் மணையில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்தாள். அரக்குப் பட்டு பின்வரிசையில் நின்று பார்த்தது. அட்சதை போட்டு முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கினோம்.

பந்தியில் மாமா சொல்லிக்கொண்டிருந்தார், ஓட்டல்காரர்களே அவரைக் கூப்பிட்டு வைத்தியம் பார்த்தார்களாம். இப்போது அந்தப் போர்டில் எண்ணெய் கூடாது என்று எழுதியிருக்கிறார்களாம், அதுவும் அவர் சொல்லித்தானாம். கை கழுவுகிற இடத்தில் மடக்கிப் பணத்தைக் கேட்டேன். "கல்யாணச் செலவு கண்ணு, பாத்தியா இல்ல?" என்றார்.

அடுத்த பொங்கலுக்கு ஐம்பது கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு கூடை மாம்பழம் வந்தது. பாதி அழுகல். அதையும் அவர் கடனில் கழித்துக்கொண்டிருக்கிறார், நான் கழிக்கவில்லை. இன்னும் வர வேண்டியது நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.