மூன்றாவது தறிக்குழி

வீடு மாற்றுவதற்காகத் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது அந்தச் சிவப்புக் கயிறு வந்து விழுந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல் நீளம். தறியின் நெடுக்கு நூலான பாவு நூலை நாலு புரியாக முறுக்கி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டது. என் மனைவி அதை எடுத்துப் பாத்திர மூட்டையின் வாயைக் கட்டப் போனாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். "ஒரு கயித்துக்குமா சண்டை?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவள் வேறு கயிறு தேடப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கயிற்றை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் கால்வாசியைக்கூட அவள் பார்த்ததில்லை. அது என் பெரியப்பாவின் கால் அளவு. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரைக்கும் உள்ள அளவு.

குழித்தறி நெய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஆழம் அவரவர் காலுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். கூடினால் மிதி எட்டாது. குறைந்தால் முழங்கால் மூக்கை இடிக்கும், மாலைக்குள் இடுப்பு போய்விடும். ஆகவே ஒருவர் குழி இன்னொருவருக்கு ஆகாது. தறியை அவிழ்த்து வண்டியில் ஏற்றலாம். குழியை ஏற்ற முடியாது. வீடு மாற்றினால் பழைய வீட்டுக் குழியை மூடி, தரையை மெழுகிக் கொடுத்துவிட்டு, புது வீட்டில் வேறு வெட்ட வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு நெசவுக் குடும்பம் என்றாலே வயிற்றில் புளி கரைப்பது இதனால்தான்.

எங்களிடம் தறி இரண்டுதான். ஒன்று அப்பாவுடையது, மற்றது என் கைக்கு வந்தது. ஆனால் குழி எப்போதும் மூன்று. மூன்றாவது பெரியப்பாவுக்கு. அவர் எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே சேலத்துச் சரக்கை விற்கப் போகிறேன் என்று கொழும்புக்குக் கப்பலேறி, அங்கே ஒரு ஜவுளிக் கடையில் ஒட்டிக்கொண்டவர். கல்யாணம் கிடையாது. வருகிற தைக்கு வருகிறேன், தை போனால் ஆடிக்கு வருகிறேன் என்று எழுதுவார். அந்த எழுத்தை நம்பி அப்பா ஒவ்வொரு வாடகை வீட்டிலும் முதலில் அண்ணன் குழியை வெட்டிவிட்டுத்தான் தன் குழிக்கு மண்வெட்டியைத் தூக்குவார். பெரியப்பா உயரம் வேறு. அதனால் மூன்றில் ஆழமான குழி யாரும் உட்காராத குழிதான்.

சேலத்தில் குகைப் பகுதியிலும் அம்மாபேட்டையிலும் நாங்கள் குடியிருந்த வீடுகளை நினைத்தால் எனக்கு அந்தக் குழிகள்தான் நினைவுக்கு வருகின்றன. சொம்பு உருண்டால் அதற்குள்தான் விழும். அடைகாக்க இடம் தேடும் கோழி அதற்குள்தான் இறங்கும். என் தாய்மாமன் ஒருமுறை தீபாவளிச் சீரோடு வந்து, இருட்டான தறிக் கூடத்தில் நேரே அதற்குள் காலை விட்டு, தட்டும் வெற்றிலையுமாகக் கவிழ்ந்தார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு சரி. அம்மா அதில் வெங்காயம் கொட்டிவைப்பாள். அப்பா பார்த்துவிட்டு அள்ளி வெளியே வைப்பார். மறுநாள் வெங்காயம் மறுபடியும் உள்ளே போகும். வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் வந்து எட்டிப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஏனுங்க, ரெண்டு தறிக்கு எதுக்குங்க மூணு குழி?"

"அண்ணன் வாராருங்க" என்பார் அப்பா, அண்ணன் தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருப்பது போல. எனக்கு அவமானமாக இருக்கும். போதாததற்குக் கடிதம் எழுதுவது என் வேலை. வீடு மாற்றிய செய்தியைச் சொல்லி, 'தங்கள் குழி வெட்டியாகிவிட்டது' என்ற வரியையும் நான்தான் எழுத வேண்டும். எழுதி எழுதி அந்த வரி என் கைக்கே மனப்பாடமாகிவிட்டது.

எனக்குக் கல்யாணமான மறு வருடம் அப்பா குகையிலேயே ஒரு துண்டு நிலம் பிடித்துச் சொந்தமாக ஓட்டு வீடு கட்டினார். சுவர் எழும்பி ஓடு போட்டாகிவிட்டது. பால் காய்ச்ச அம்மா நாளும் பார்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து திரும்பிய எங்கள் தெருக்காரர் ஒருவர், பெரியப்பா மிகவும் தளர்ந்துவிட்டார், கடைக்கு இறங்கிவருவதே அபூர்வம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அப்பா சாப்பிடவில்லை. நான் உடனே புறப்பட்டுப்போய் அண்ணனை அழைத்துவர வேண்டும் என்றார். அதுவரை நியாயம்தான். ஆனால் கையில் இந்தக் கயிற்றையும் கொடுத்தார்.

"வயசானா காலு சுண்டும். எனக்கே அரை வெரக்கடை கொறைஞ்சிருக்குது. மறுக்கா அளந்துட்டு வா. சொந்த ஊட்டுல குழி தப்பா வெட்டக் கூடாது."

அளவு வந்த பிறகுதான் தறிக் கூடத்துத் தரையைத் தட்ட வேண்டும், தரை தட்டிய பிறகுதான் பால் காய்ச்ச வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அம்மா தலையிலடித்துக்கொண்டாள். பாதிச் சாமான் பழைய வீட்டில், பாதி புது வீட்டில். உலக்கை இங்கே என்றால் உரல் அங்கே. அண்டை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? என் மகன் கடல் தாண்டி ஒரு கிழவரின் காலை அளக்கப் போயிருக்கிறான் என்றா?

ஈரோடு போய், திருச்சி போய், அங்கே போட் மெயில் ரயிலைப் பிடித்து, மண்டபம் முகாமில் இறக்கி நோய் உண்டா என்று கண்ணையும் நாக்கையும் பார்த்த பிறகு, தனுஷ்கோடியில் கப்பலேறி வாந்தியெடுத்து, தலைமன்னாரில் மறுபடியும் ரயில். கொழும்பில் இறங்கியபோது மழை கொட்டியது. பெரியப்பா புறக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக் கடையின் மாடியில், செங்குத்தான மரப்படிக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை முக்காலியின் மேல் நீட்டியிருந்தார், வாதம் என்று நினைத்தேன். சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "இந்த மாசத்துல எவனாச்சும் கொழும்புக்கு வருவானா?"

அடுத்து, அப்பா மறுபடியும் வீடு மாற்றிவிட்டாரா என்று கேட்டார். சொந்த வீடு என்றேன். எந்தப் பக்கம் வாசல், ஓடு எங்கே வாங்கியது, கிணற்றில் உப்புத் தண்ணியா என்று துருவினார். எல்லாவற்றிலும் ஒரு குற்றம் இருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு நமத்துப்போயிருந்தது. என் வேட்டி மட்ட நூல். எப்போது ஊருக்குப் போகலாம் என்று கேட்டால் மழை விடட்டும், கடையில் ஆள் வரட்டும், தை பிறக்கட்டும் என்று அதே பழைய பாட்டு. எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில், அழைத்துப்போக முடியாவிட்டால் வந்த இன்னொரு வேலையையாவது முடிப்போம் என்று கயிற்றை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"காலை நீட்டுங்க பெரியப்பா."

அவர் கயிற்றைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார், அந்த முடிச்சைப் போட்டது அவர் கைதான். முடிச்சை விரலால் நெருடிக்கொண்டு சொன்னார்.

"நீட்டித்தான் சாமி இருக்குது. மடக்கத்தான் முடியாது."

துறைமுகத்தில் துணிப் பேல் மூட்டை சரிந்து முழங்கால் சிப்பி நொறுங்கிவிட்டதாம். அப்போது எனக்கு மீசைகூட முளைத்திருக்காது. எலும்பு கூடியது, ஆனால் கட்டை போல் நீண்டபடியே நின்றுவிட்டது. அதை ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கத்தினேன். பெரியவர் என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"ஊட்டுக்கு ஊடு எனக்குக் குழி வெட்டி வெச்சிருக்கறேன்னு உன்ற அப்பன் எழுதறான். அதுல உக்கார முடியாதவன் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரது? ஒத்தக் காலோட வந்து தம்பி சோத்தத் திங்கறதா?"

வந்து சேருங்கள் என்று அழைப்பதாக நினைத்து அப்பா வெட்டிய ஒவ்வொரு குழியும் இவரை இன்னும் ஒரு வருடம் அங்கேயே தள்ளிவைத்திருக்கிறது. அந்த வரியை எழுதியது என் கை. புறப்படும்போது படி வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அளவு அதேதான்னு சொல்லிரு. தைக்கு வாரேன்னு சொல்லு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும் கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை. கோபம் மட்டும்தான் வந்தது. இரண்டு கிழவர்கள். ஒருவருக்கு அண்ணன் வேண்டும். அண்ணன் வேண்டும் என்று எழுதத் தெரியாமல் குழியைப் பற்றி எழுதினார். இன்னொருவருக்கு வீடு வேண்டும். கால் போயிற்று என்று எழுத மானம் இடம் கொடுக்காமல் தையைப் பற்றி எழுதினார். நடுவில் நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

சேலத்தில் இறங்கி நேரே புது வீட்டுக்குப் போனேன். அப்பா தறிக் கூடத்தில், கொத்திப் போட்ட வெறுந்தரையில், பக்கத்தில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கால் கழுவக்கூட விடவில்லை. அளந்தாயா என்று கேட்டார். அளவு அதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கடப்பாரையைப் பார்த்ததும் முடியவில்லை.

"அளக்கலீங்க. மடங்குனாத்தான அளக்கறதுக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். பேல் விழுந்ததை, மரப்படியை, மூஞ்சியைப் பற்றி அவர் சொன்னதை. அப்பா எத்தனை வருடமாக என்று மட்டும் கேட்டார். சொன்னதும் எழுந்து கடப்பாரையைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினார். "அத்தன வருசமும் குழிய எழுதியே அவரெ வர ஒட்டாமப் பண்ணிப்போட்டேன்" என்றார். மறுநாள் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: இந்த வீட்டில் உங்களுக்குக் குழி வெட்டவில்லை, கட்டில் போட்டிருக்கிறது, வாருங்கள். இரண்டே குழி வெட்டி, தரை தட்டி, பால் காய்ச்சினோம். இடறி விழாமல் நடக்க ஒரு வீடு கிடைத்ததே என்று அம்மா கோயிலில் விளக்குப் போட்டாள்.

அந்தச் சித்திரையில் பெரியப்பா வந்தே விட்டார். ஸ்டேஷனில் நானும் அப்பாவும் அவரைத் தாங்கி இறக்கினோம். வண்டியில் வீடு வரும்வரை அப்பா அந்த நீட்டிய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியப்பா தறிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தறி, இன்னொரு தறி, அதற்கப்பால் புதுப்பாய் விரித்த கட்டில். கட்டிலருகே தரையை ஊன்றுகோலால் தட்டினார்.

"எனக்கு எங்கடா குழி?"

அப்பா திகைத்துப்போய், உங்களுக்குக் கால் முடியாதே என்று இழுத்தார்.

"காலு என்ற காலு, அதப்பத்தி உனக்கென்ன. கண்டவன் ஊட்டுல எல்லாம் எனக்குக் குழி வெட்டுன. சொந்த ஊட்டுல எனக்கு எடமில்லையா?"

எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதற்காகவா நான் கடலைத் தாண்டிப் போய் வந்தேன்? தண்ணீர் கொண்டுவந்த அம்மா சொம்பை ணங்கென்று தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் அதில் பார்த்ததில்லை. அண்ணன் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் மூலையிலிருந்த கடப்பாரை அப்பா கைக்கு வந்துவிட்டது. "கயித்த எடுடா" என்று என்னை அதட்டினார். தட்டி மெழுகிய தரையை உடைத்து, பழைய அளவிலேயே, ஒரு விரற்கடை குறையாமல் வெட்டினோம்.

அந்தக் குழிக்கு மிதியும் இல்லை, தறியும் இல்லை. பெரியப்பா தினமும் காலையில் அதன் விளிம்பில் வந்து உட்காருவார். நல்ல காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு, மடங்காத காலை நடைபாதையின் குறுக்கே நீட்டிவிடுவார். நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம். அங்கிருந்தபடியே என் நெசவில் பாவு தளர்ந்திருக்கிறது என்பார், அப்பாவுக்குக் குறுக்கே நூல் ஓட்டும் நாடாவை அடிக்கத் தெரியவில்லை என்பார், கொழும்பு மழையைப் புகழுவார். அப்பாவும் விடமாட்டார். பொழுதெல்லாம் இருவருக்கும் வாய்ச்சண்டை. மத்தியானம் ஒரே தட்டில் கடலையை வைத்துக்கொண்டு மறுபடியும் சண்டை. உலக யுத்தம் முடிந்த சமயத்தில் முதலில் அண்ணனும், அந்த வருடமே தம்பியும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நெய்ய எனக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் சேர்ந்துவிட்டேன். இப்போது குடியும் அங்கேயே போகிறோம். வாடகை வீடு, முழுக்கக் கல் தளம்.

இந்த வீட்டை வாங்கியவர் நிலக்கடலை மூட்டை அடுக்கப் போகிறவர். முறைப்படி குழிகளை நாங்களே மூடிக் கொடுக்க வேண்டும். இன்று காலை இரண்டை மூடித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்தாகிவிட்டது. மூன்றாவதன் பக்கத்தில் மண்ணைக் குவித்துவைத்துக்கொண்டு நின்றபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தறி ரெண்டுன்னுதான சொன்னீங்க? எதுக்குங்க மூணு குழி?"

எத்தனை வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்வி. பழைய எரிச்சல் முழுவதும் திரும்பி வந்தது.

"எங்க பெரியப்பா வாராருன்னு வெட்டுனதுங்க."

"வந்தாருங்களா?"

"வந்தாருங்க" என்றேன்.

குழியை மூடிவிட்டு வந்தபோது மனைவி வேறு கயிறு கிடைக்கவில்லை என்று மூட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த சிவப்புக் கயிற்றை எடுத்து நானே மூட்டையின் வாயைச் சுற்றினேன். நாலு விரற்கடை எட்டவில்லை. அந்த மனிதர் எதற்கு ஒத்துவந்தார், அவர் கயிறு ஒத்துவர! திரும்பவும் மடியில் செருகிக்கொண்டு, வேறு கயிறு வாங்கிவரக் கடைக்குப் புறப்பட்டேன்.