சக்கரக் கத்திக்கு இரண்டு சத்தம்

துணி வெட்டும் தொழிலில் தப்பெல்லாம் வெட்டும்போதே நடந்துவிடுகிறது. தைக்கும்போது அது நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான். இதைப் படித்துத் தலையாட்டுகிறவர்கள் என் இனம். அதிலும் காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை நிற்க, துணியும் வெட்ட வேண்டும், விரலும் மிஞ்ச வேண்டும் என்று தவிக்கிறவர்கள் இன்னும் நெருங்கிய இனம். உங்களுக்காகத்தான் பாப்பா தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் பட்டறை. பருத்திப் புடவைகளைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துக் குழந்தைப் போர்வை செய்கிறேன். இந்த வெயிலில் போர்வையா என்று சிரிக்காதீர்கள். கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள், மார்கழியில் பல் தந்தியடிக்கும். என் கணவர் மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றி வரும் வண்டி ஓட்டுகிறார். கூடவே வாடிக்கையாளர்களையும் பிடித்து வருகிறார்.

சக்கரம் வந்தது

கத்தரிக்கோலால் வெட்டிய என் முதல் போர்வையில் எந்த இரண்டு சதுரமும் ஒரே அளவில் இல்லை. கான்வென்ட்டில் ஏழு வருஷம் தையல் வகுப்பில் உட்கார்ந்தவள் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. அதனால் ஒரு ரோட்டரி கட்டர் வரவழைத்தேன். பிளேடை வட்டமாக்கிக் கைப்பிடி போட்டால் எப்படியிருக்கும், அதுதான் அது. கூடவே கட்டம் போட்ட பச்சை மேட் ஒன்று, கண்ணாடி போன்ற அகல ஸ்கேல் ஒன்று. துணியை நாலாக மடித்து, ஸ்கேலை ஒட்டி ஒரே ஒரு தரம் உருட்டினேன். நாலு மடிப்பும் சத்தமில்லாமல் பிரிந்து நின்றன. சந்தோஷம் தாங்காமல் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த எச்சரிக்கைத் தாளைப் படித்தேன். அப்போது பாப்பாவுக்கு நாலு மாதம். அன்று படுக்கும் முன் அவள் விரல்களை எண்ணிப் பார்த்தேன். பத்து. அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை.

பிளேடை வெளியே எடுக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், 'டக்'. உள்ளே தள்ள இன்னொரு தரம், 'டக்'. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், சமையலறையில் இருந்தபடியே இதைக் கேட்டுவிட்டு வந்து எதிரில் நின்றார். "புள்ள இருக்கற வூடு, வினோ. தொறந்தா ஒரு சத்தம், மூடுனா ஒரு சத்தம். ரெண்டும் எங்காதுல வுழணும். ஒன்னு மட்டும் கேட்ட அன்னிக்கி, உம் புருசன் வண்டில ஏத்தி இத மலைக்கே அனுப்பிருவேன்."

முழங்கை

கட்டர் இருந்தால் போதும், துணி தானாக நேராக வந்துவிடும் என்று நினைத்தவள் நான். நீங்களும் நினைத்திருப்பீர்கள். இரண்டரை அங்குலத்தில் இருபது பட்டிகளை ஒரே மூச்சில் வெட்டினேன். ஒன்றை விரித்தால் நடுவில், மடிப்பு இருந்த இடத்தில், ஒரு வளைவு. அடுத்ததிலும் அதே. இருபதிலும் அதே. அழாத குறையாக அள்ளிக்கொண்டு தெருமுனைத் தையல்கடைக்கு ஓடினேன். மாஸ்டர் காஜா அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இன்னாம்மா இது, முழங்கையா?" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி மடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கரையோடு கரையைச் சேர்த்திருந்தேன், சரி. ஆனால் கீழே மடிப்பு முறுக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்க்கவேயில்லை. இப்போது இஸ்திரி போட்டு, இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்து, மடிப்பு சுருக்கமில்லாமல் தொங்கும்வரை மேல் கரையை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறேன். ஸ்கேலின் குறுக்குக் கோடு மடிப்பின் மேல் அப்படியே படுக்க வேண்டும். ஓரத்தை ஒரு சீவு சீவிச் சமன் செய்த பிறகுதான் முதல் பட்டி. புதுப் பட்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது மாஸ்டர் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அன்னிக்கும் கத்தி நேராத்தாம்மா போயிருக்குது. துணிதான் கோணலா படுத்துக்கினு இருந்திருக்குது."

மொட்டை மாடியில் மேட்

ஒரு நாள் பாப்பா மேட்டின் மேல் பருப்புச் சோற்றைக் கவிழ்த்துவிட்டாள். நான் அவளைக் குளிப்பாட்டி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அத்தை மேட்டைத் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் மிளகாய் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் விரித்துவிட்டார். சித்திரை வெயில். ஒரு மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது மேட்டின் நாலு மூலையும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி எழும்பி நின்றன.

அதை மெதுவாகத் தரையில் படுக்க வைத்து, மேலே பலகை போட்டு, அரிசி மூட்டை இரண்டை ஏற்றி, மூன்று நாள் தவம் கிடந்தோம். மூன்று மூலை படிந்துவிட்டது. நாலாவது மூலையில் இன்றும் ஒரு சின்ன அலை இருக்கிறது, அந்தப் பக்கம் நான் வெட்டுவதில்லை. மூட்டையை இறக்கும்போது அத்தை சொன்னார்: "பாயின்னா காய வெக்காம இன்னா பண்ணுவாங்க? நீ கோடு போட்டிருக்குன்னு சொன்ன, வெயில் ஆவாதுன்னு சொன்னியா?"

நகரும் ஸ்கேல்

ஸ்கேலின் இந்த முனையை அழுத்தினால் அந்த முனை நகரும். கால் அங்குலம்தான் நகரும், அந்தக் கால் அங்குலம் போர்வையின் கடைசி வரிசையில் ஒரு சாண் ஆகி நிற்கும். உப்புத்தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஸ்கேலின் அடியில் ஒட்டினேன். விரல்களை விரித்து அழுத்தி, கொஞ்ச தூரம் உருட்டி, கத்தியை எடுக்காமல் நிறுத்தி, கையை நண்டு மாதிரி முன்னே நகர்த்தி, மறுபடி உருட்டினேன். எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான். அன்றைக்கு முப்பத்தாறு சதுரம் வெட்டி, அடுக்கி, பக்கவாட்டில் பார்த்தால் புத்தகம் மாதிரி ஒரே மட்டம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம், "எப்படி?" என்றேன். "பாப்பாவுக்கு நண்டூருது காட்டச் சொன்னா, ஸ்கேலுக்குக் காட்டிக்கினு இருக்க."

வெள்ளிமலை டீச்சர்

கல்வராயன் மலை மேலிருக்கும் வெள்ளிமலையில் இருந்து ஒரு டீச்சர் பஸ் பிடித்து வந்தார். மகளுக்கு எட்டாம் மாதம். மகள் கல்லூரிக்குக் கட்டிய பருத்திப் புடவை ஐந்தைத் துவைத்து, மடித்து, பையில் கொண்டு வந்திருந்தார். பேரக்குழந்தைக்குப் போர்வை. எனக்குக் கை பரபரத்தது. இன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறேன் என்று கட்டரை எடுத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறக்கிறதுக்கு முன்னால் குழந்தைக்கென்று எதையும் வெட்டக்கூடாது, சேதி வந்த பிறகுதான் கத்தி படணும். பதினாறாம் நாள் பேர் வைக்கும்போது போர்வை வேணும் என்றார்.

சதுரம் எண்பது, ஓரப் பட்டி வேறு, எல்லாம் பதினாறு நாளுக்குள். புடவைகளை இஸ்திரி போட்டு மேசை ஓரத்தில் அடுக்கி, தினமும் பார்த்துக்கொண்டே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன். என் பிரசவத்துக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. கடைசியில் ஒரு காலை போன் அடித்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் டீச்சர். "பொண்ணு. மூணு கிலோ. வெட்டுங்கம்மா."

ஒரு சத்தம்

பத்தாம் நாள். சதுரமெல்லாம் முடிந்து ஓரப் பட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு இப்போது பதினாறு மாதம், நடக்கிறாள், நாற்காலி ஏறுகிறாள். உள்ளே அத்தை மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். வாசலில், "போர்வை எந்த மட்டுல இருக்குதும்மா?" என்று டீச்சரின் குரல். பெயர் வைப்புக்குச் சாமான் வாங்கக் கீழே வந்தவர் எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். நான் தைத்த வரிசைகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் வந்த இடத்தைக் காட்டினேன். நாலு முனையும் ஒரே புள்ளியில் சந்தித்த இடத்தைக் காட்டினேன். டீச்சர் அந்தப் புள்ளியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மிக்சி நின்றது. வீடு அமைதியானது. அத்தை சமையலறை வாசலில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்: "வினோ, ரெண்டாவது சத்தம் வந்துச்சா?"

நான் எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. பாப்பா நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை மேசை விளிம்பில். அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி, பிளேடு வெளியே நீட்டியபடி, கட்டர். அவள் அதைத் தொடவில்லை. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கட்டரைக் கண்ணால் காட்டி, "டக்கு?" என்றாள். நாலு மாதத்திலிருந்து இரண்டு சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பெண். நான் பொத்தானை அழுத்தினேன். 'டக்'. அவளுக்குத் திருப்தி. நாற்காலியைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் தரையில் உட்கார்ந்து அவளைப் பிடித்திழுத்து விரல்களை எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

அத்தை கட்டரைக் கையில் எடுத்தார். போயிற்று, வண்டியில் ஏறப்போகிறது என்று நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருப்பார், தைத்த வரிசைகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை ஒரு நிமிஷம் கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கணவருக்குப் போன் போட்டு, வரும்போது பெரிய ஆணியும் சுத்தியும் எடுத்து வரச் சொன்னார், தன் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் அடிக்க வேண்டுமாம். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மலைக்கிப் போர்வ போவட்டும். இது இங்க ஆணில தொங்கட்டும். எங்காது போனாலும் பரவால்ல, காவலுக்கு ஒருத்தி வந்துட்டா."

ஏழு வருஷம் கான்வென்ட்டில் நேர்க்கோடு பழகியவளுக்கு, கோட்டின் முடிவில் கத்தியை மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, ஒரே வார்த்தை தெரிந்த ஒரு பதினாறு மாத டீச்சரம்மா தேவைப்பட்டிருக்கிறாள்.