பெட்டி வண்டியின் வலது சக்கரம்

பேய், பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலா மில்லில் பெல்ட்காரனாக இருந்தேன். மோட்டாரிலிருந்து அரவை யந்திரங்களுக்கு ஓடும் தோல் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எது தளர்ந்திருக்கிறது, எது கிழியப்போகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.

மில்லுக்கு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஜாலான் புசாரில் ஒரு சீன வெல்டர் பழைய மோட்டார் சைக்கிளின் பின்பாதியை அறுத்து, அங்கே இரண்டு சக்கரங்களையும் மூடி போட்ட ஒரு தகரப் பெட்டியையும் வைத்துக் கட்டியது. செயின் அடிக்கடி அறுந்துபோனதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மில்லில் ஓடுவது மாதிரி ஒரு பெல்ட்டை மாட்டிக் கொடுத்திருந்தார். பெல்ட் வலது பின்சக்கரத்தை மட்டும்தான் சுற்றும். இடது சக்கரம் சும்மா கூடவே வரும்.

வண்டியை ஓட்டியது என் தங்கையின் புருஷன். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மூன்று பேரும் மில்லுக்கு மேலே ஒரே மாடியில் குடியிருந்தோம்.

அந்த வருஷம் அவர்களுடைய எட்டு மாத ஆண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கை சாப்பிடுவதை விட்டுவிட்டாள். கஞ்சியை நீட்டினால் வாங்குவாள், பக்கத்தில் வைப்பாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறிப் போனது. டாக்டர் ஊசி போட்டார். கோவிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பூசினோம். இப்படியே விட்டால் இன்னும் ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், வண்டி கிளம்பும்போது பெல்ட் கிறீச்சென்று கத்துகிறது என்றார் மாப்பிள்ளை. மழை ஈரமும் மஞ்சள்தூளும் சேர்ந்தால் பெல்ட் வழுக்கும். மில்லில் அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. குங்கிலியத்தைப் பொடித்து ஓடுகிற பெல்ட்டின் மேல் தூவினால் பிடித்துக்கொள்ளும். சாமிக்குப் புகை போடுகிற அதே குங்கிலியம்தான். ஒரு கை அள்ளிப் போட்டேன், கத்தல் நின்றது. சரி, தினமும் காலையில் ஒரு கை போட்டால் கெட்டா போய்விடும் என்று அதையே வழக்கமாக்கிவிட்டேன். பெல்ட் சூடானதும் அது உருகிப் புகையும். வண்டி போன தெருவெல்லாம் பூஜை வாசனை. சாமி ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று மில் ஆட்கள் கேலி செய்வார்கள்.

சில வாரம் கழித்து, புக்கிட் மேராவில் மளிகைக் கடை வைத்திருந்தவர் மில்லுக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வண்டிப் பெட்டிக்குள்ள யாரு புள்ளைய வச்சிருக்கீங்க?"

"என்ன புள்ள?"

"நேத்து மேட்டுல வர்றப்ப உள்ளருந்து பச்சப்புள்ள அழுவுற சத்தம் லா. மூச்சு முட்டிப் போயிடப் போவுதேன்னு நானே ஓடிப்போய் மூடியத் தொறந்தேன். பாத்தா மூட்டையும் உங்க தங்கச்சியும்தான். வேத்து ஊத்துது, அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு."

தங்கை கொஞ்ச நாளாகச் சாப்பிடுவது டாக்டர் ஊசியால்தான் என்று நினைத்திருந்தேன். அவள் வண்டியில் போகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மாப்பிள்ளையிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று மட்டும் சொன்னார். சத்தம் என்றால் அது என் வேலை. அன்று சாயங்காலமே வண்டியைச் சந்தில் இழுத்துப் போட்டேன்.

நின்ற இடத்திலேயே இஞ்சினை முறுக்கினேன். ஒன்றுமில்லை. ஓட்டிப் போய், இஞ்சினை அணைத்து, சும்மா உருளவிட்டேன். மெல்லிசாக, விட்டுவிட்டு வந்தது. அப்படியானால் இஞ்சின் இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையைத் தள்ளச் சொன்னேன். அப்போதும் வந்தது, ஆக பெல்ட்டும் இல்லை. மிச்சம் சக்கரம்தான். செங்கல் முட்டுக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, வலது சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்குருடிரைவரின் நுனியை அச்சில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன். துளிச் சத்தமில்லை. பாரம் ஏறினால்தான் அழும் போலிருக்கிறது என்றேன். அழும் என்று என் வாயிலேயே வந்ததை மாப்பிள்ளை கவனித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நானே பெட்டிக்குள் படுத்துக்கொண்டேன். காதைத் தகரத்தோடு வைத்து, மூடியை மூடச் சொன்னேன். உள்ளே கும்மிருட்டு. மிளகாய் நெடியும் குங்கிலியப் புகையும் மூக்கை அடைத்தன. நேராக ஓடும்வரை முந்தின நாள் கேட்ட மெல்லிய சத்தம்தான். சீனச் சமாதிகள் இருந்த மேட்டருகே வண்டி இடது பக்கம் திரும்பியது. பாரம் முழுக்க வலது சக்கரத்தில் விழுந்தது. அப்போது ஆரம்பித்தது.

முதலில் ஒரு சிணுங்கல். பிறகு மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு நிறுத்தம். அதன் பிறகு நீளமாக, தொண்டை கம்மிப்போன அழுகை. பேரிங் சத்தம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி நின்று மூடி திறந்து வெளிச்சம் விழுந்தபோதுதான் பார்த்தேன். என் வலது கை தகரத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

மில்லுக்குத் திரும்பியதும் சக்கரத்தைக் கழற்றினேன். பார்த்ததும் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் தினமும் போட்ட குங்கிலியம்தான். பெல்ட்டிலிருந்து தெறித்து, உருகி, அச்சு வழியே பேரிங்குக்குள் இறங்கி, மிளகாய்த்தூளோடு சேர்ந்து கறுப்புப் பிசினாக இறுகியிருந்தது. கிரீஸ் சுத்தமாகக் காய்ந்துவிட்டது. குண்டுகளில் இரண்டு உடைந்து, வளையமும் விரிசல் விட்டிருந்தது. அந்த மேட்டில் இன்னும் சில தடவை இறங்கினால் சக்கரம் கழன்று பெட்டி கவிழ்ந்துவிடும். ஜாலான் புசாருக்கு நடந்து போய்ப் புது பேரிங் வாங்கி வந்தேன்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டாதீங்க மச்சான்."

"ஏன்?"

"அவ சோறு திங்கிறா. பெட்டியில போயிட்டு வந்தா ஒரு தட்டு திங்கிறா. ஒரு நாள் வண்டி எடுக்கல, அன்னைக்குப் பச்சத்தண்ணி இறங்கல."

"இது சக்கரம், மாப்ளே. நான் போட்ட குங்கிலியம் பண்ண கோளாறு. என் தப்பு. வேற ஒரு மண்ணும் கிடையாது."

"தெரியும். பேரிங்குன்னு முத நாளே எனக்குத் தெரியும். நான் ஓட்டுறவன் இல்லையா?"

"கழண்டா ரெண்டு பேரும் போயிடுவீங்க."

அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போது உறைத்தது. அவர் கையைத் தட்டிவிட்டேன். பிசினை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி எடுத்து, புது பேரிங்கை வைத்து அடித்தேன். அடிக்கும்போதே, தங்கையின் சோற்றைப் பிடுங்குகிறேன் என்றும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் அவள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் பெட்டிக்குள் ஏறி மூடியைத் தானே இழுத்துக்கொண்டாள். நான் மாப்பிள்ளையின் பின்னால் உட்கார்ந்தேன். மேட்டருகே வண்டி இடது பக்கம் திரும்பியது. காற்றுச் சத்தம்தான் கேட்டது. திரும்பி முடிந்ததும் உள்ளிருந்து இரண்டு முறை தட்டினாள். மாப்பிள்ளை ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கிப் போய் மூடியைத் திறந்தேன்.

இரண்டு உள்ளங்கையையும் தகரத்தில் பதித்து உட்கார்ந்திருந்தாள்.

"நின்னுடுச்சா அண்ணே?"

"நின்னுடுச்சு. சரி பண்ணிட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. நீங்கதான் புள்ளைய மடியில போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தீங்க. அழுகை நின்னுடுச்சு, தூங்கிட்டான், எழுப்பாதேன்னீங்க. நான் எழுப்பல."

உண்மைதான். வீட்டில் யாரும் அதுவரை பேசாத உண்மை. அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"நீ எழுப்பாதது தப்பில்லம்மா," என்றேன். "கையில வச்சிருந்தவன் நான். நான்தான் பாத்திருக்கணும்."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஒரு மூட்டையைத் தள்ளி இடம் பண்ணி, "உள்ள வந்து உக்காருங்க," என்றாள். ஏறி உட்கார்ந்தேன். மூடியை அவளே மூடினாள். மில் வரை இருட்டில் முழங்கால் முட்ட உட்கார்ந்து வந்தோம். இரண்டு பேரும் அந்த அழுகை கேட்கிறதா என்று காதுகொடுத்துக்கொண்டுதான் வந்தோம்.

அன்று மூன்று பேருக்கும் அவளே சோறு போட்டாள். அவள் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.