பூசையில் வைத்த கதை

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஸ்டோவ்னர் பக்கம் ஒரு நூலகத்தில் பல வருடம் கதிரை மேசை அடுக்கியவன் நான். எத்தனையோ எழுத்தாளர்கள் வந்து பேசினார்கள். ஒருவரையும் இருந்து கேட்டதில்லை. எப்போது முடியும், எப்போது கதிரையை எடுக்கலாம் என்பதுதான் யோசனை.

போன மாதம் மகள் என்னை முன்வரிசையில் இருத்தினாள். வெளியே பனிச்சேறு. முழங்கால் வலி. மேடையில் பரிசுகள் பல வாங்கிய ஆபிரிக்கப் பெண் ஒருவர், நாவலும் கவிதையும் எழுதுகிறவர். மகள் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பதினேழு வயசிலை போட்டியொண்டுக்குக் கதை அனுப்பினாவாம், அப்பா. அதிலையிருந்துதான் எல்லாம் துவங்கினதாம்."

பிறகு சொன்ன நாடுகளும் நாவல்களும் எனக்குள் இறங்கவில்லை. ஊரில் நான் சின்னப் பெடியனாக இருந்த அந்த வருடம் என் அக்காவுக்கும் பதினேழு.

அக்கா பத்திரிகைப் போட்டிக்கு ஒரு கதை எழுதி, தாள்களை நூலால் தைத்து வைத்திருந்தாள். அன்று பின்னேர பஸ்ஸில் தபால் போனால்தான் கொழும்புக்கு நேரத்துக்குச் சேரும். அன்றைக்கென்று சரஸ்வதி பூசை. படத்தின் முன் வைத்த புத்தகத்தை விஜயதசமிவரை தொடக்கூடாது. அண்ணன்மார் தங்கள் புத்தகங்களை அடுக்கினார்கள். எனக்கு அடுக்க ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிற்பாட்டி, எங்கள் ஐயா என்னைப் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட விட்டுவிட்டார். அந்தத் தோட்டத்துக் கிணறு உவர், அது வேறு கதை.

அக்காவின் தாள்களை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தேன். அம்மா தீபம் காட்டி முடித்தாள்.

தபாற்கந்தோருக்குப் போக வெளிக்கிட்டு வந்த அக்கா திகைத்துப்போனாள்.

"ஆரடா இதை இஞ்சை வைச்சது?"

"நான்தான். எனக்கெண்டு ஒரு புத்தகமும் இல்லையெல்லோ."

அம்மாவுக்கே மனம் கேட்கவில்லை. "அவசரமெண்டா எடு பிள்ளை. சரஸ்வதி கோவிக்கமாட்டா."

அக்கா தாளில் கையை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும் அம்மா. இந்தமுறை அது தம்பியின்ரை புத்தகம்."

பஸ் போய்விட்டது. அடுத்த தையில் அவளுக்குக் கலியாணம். பிறகு அவள் எழுதி நான் பார்க்கவில்லை.

நூலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். "எழும்புங்கோ அப்பா, கையெழுத்து வாங்குவம்," என்றாள் மகள். எழும்ப முடியவில்லை. களைப்பாக இருந்தது.

அந்த வருடம் விஜயதசமிவரை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய் என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சாமிக்குப் பயந்துதான் அக்கா அதை எடுக்கவில்லை என்று அந்த வயதில் நினைத்தேன்.